மக்கள் ஒன்றியில் பெரும் வரவேற்பு

2021 ஜூலையில் ஒரு நாள் இரவு. நான் அப்போது வேலை பார்த்த நாளிதழின் பெயர் வேண்டாம். 'இனிமேல் மத்திய அரசு என்று எழுத வேண்டாம், ஒன்றிய அரசு என்றே போடுங்கள்' என்று மேலிருந்து வாய்வழியாகச் சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது. தாளில் எதுவும் வரவில்லை. இந்த மாதிரி விஷயங்கள் தாளில் வருவதுமில்லை. மாவட்ட நிருபர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. எல்லாரும் பழக்க தோஷத்தில் 'மத்திய' என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குள் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். பக்கத்து இருக்கையில் இருந்த சப் எடிட்டர் பொறுமை இழந்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு, 'மத்திய' வருகிற இடத்தில் எல்லாம் 'ஒன்றிய' என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டார்.

பெரும்பாலானவற்றைப் பிழை திருத்துபவர் பிடித்துவிட்டார். 'புழல் ஒன்றிய சிறை'யைப் பிடித்தார். போபால் இருக்கும் 'ஒன்றியப் பிரதேச'த்தைப் பிடித்தார். நிலத் தகராறில் ஊர்ப் பெரியவர் செய்த 'ஒன்றியஸ்த'த்தையும் சிரித்துக்கொண்டே திருத்தினார். தப்பித்து அச்சேறியது மாவட்டப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. புதிதாக விட்ட பேருந்துக்கு 'மக்கள் ஒன்றியில் பெரும் வரவேற்பு'. காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

சிரித்து விட்டுவிடக்கூடிய சம்பவம்தான். ஆனால் அரசியல் செய்தியில் ஒரு சொல் எப்படிக் கட்சிக் கொடி ஆகிறது, அப்படி ஆனபிறகு செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவன் பாடு என்ன ஆகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

நடந்தது இதுதான். 2021 மே 7 அன்று மு.க.ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அடுத்த சில வாரங்களில் அரசின் செய்திக் குறிப்புகளில் 'மத்திய அரசு' மறைந்து 'ஒன்றிய அரசு' வந்தது. ஜூன் 23 அன்று சட்டமன்றத்தில் பாஜகவின் நயினார் நாகேந்திரன் இதைக் கேள்வியாக எழுப்பினார். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே சொல்கிறது, 1957 தேர்தல் அறிக்கையிலேயே திமுக இந்திய யூனியன் என்று எழுதியிருக்கிறது, அந்தச் சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை, தொடர்ந்து பயன்படுத்துவோம் என்றார் ஸ்டாலின். அடுத்த மாதம் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு ஒருவர் பொதுநல வழக்கோடு போனார். முதலமைச்சர் இப்படித்தான் பேச வேண்டும் என்று நாங்கள் உத்தரவிட முடியாது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அப்போது பாடநூல் கழகத் தலைவராக இருந்த திண்டுக்கல் லியோனி, பாடப் புத்தகங்களிலும் சொல் மாறும் என்றார்.

இதற்குள் நாளிதழ்கள் இரண்டாகப் பிரிந்திருந்தன. முரசொலி, தினகரன், தீக்கதிர், விடுதலை ஒரு பக்கம். தினமலர், தினமணி, தினத்தந்தி எல்லாம் பழைய சொல்லிலேயே நின்றன. காலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரின் தலைப்புப் பட்டையைப் பார்க்க வேண்டியதில்லை, முதல் செய்தியின் முதல் வரியே போதும், யாருடைய பேப்பர் என்று தெரிந்துவிடும்.

இரண்டு தரப்பும் சொன்ன காரணங்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

'மத்திய' என்பது மாநிலங்களைச் சிறுமைப்படுத்தும் சொல் என்றார்கள். மாநில சுயாட்சிக்காகத் திமுக எழுப்பிய மிகப் பெரிய முழக்கம் எது? 1970 திருச்சி மாநாட்டில் கருணாநிதி முன்வைத்த ஐம்பெரும் முழக்கங்களில் ஒன்று: 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி'. 1969இல் அமைத்த ராஜமன்னார் குழு ஆராய்ந்ததும் 'மத்திய, மாநில உறவு'களைத்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே சுயாட்சி பேச முடிந்திருக்கிறது. 2004 முதல் 2013 வரை டெல்லியில் அமைச்சர்களாக இருந்த திமுகவினர் ஊருக்கு வந்தபோது பேனர்களில் 'மத்திய அமைச்சர்' என்றுதான் போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் அது சிறுமையாகத் தெரியவில்லை.

'ஒன்றியம்' பிரிவினை வாடை அடிக்கும் சொல் என்றது எதிர்த்தரப்பு. அதற்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைப் படித்தால் போதும். கூட்டாட்சி என்ற சொல் இருக்க, எதற்கு யூனியன் என்று வரைவுக் குழு போட்டது என்பதை அவர் விளக்குகிறார். மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு உருவான நாடு அல்ல இது, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை இல்லை, அதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டவே இந்தச் சொல். பிரிய முடியாது என்று அழுத்திச் சொல்வதற்காகத் தேர்ந்த சொல்லைத்தான் மாநில உரிமைக்காரர்கள் கையில் எடுத்தார்கள். ஒற்றுமைக்காரர்கள் அதைப் பார்த்துப் பதறினார்கள்!

இதைவிடப் பெரிய கூத்து புதுச்சேரியில் நடந்தது. ஜூன் 27 அன்று ரங்கசாமி அமைச்சரவையில் என்.ஆர்.காங்கிரஸ், பாஜக அமைச்சர்கள் பதவியேற்றார்கள். துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் தமிழிசை சௌந்தரராஜன். உறுதிமொழி வாசகத்தில் 'இந்திய ஒன்றியத்து ஆட்சிப்பரப்பு' என்று வந்தது. மறுநாள் விவாதம் பற்றிக்கொள்ள, யூனியன் பிரதேசம் என்பதற்கு வெகுகாலமாக வழக்கில் உள்ள மொழிபெயர்ப்பு அது என்று தமிழிசையே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

உண்மை அதுதான். இரண்டு சொல்லும் வெகுகாலமாகத் தமிழில் இருக்கின்றன, சண்டை போடாமல். ஐரோப்பிய ஒன்றியம், சோவியத் ஒன்றியம் என்று எல்லாப் பேப்பரும் எழுதும். புதுச்சேரியை யூனியன் பிரதேசம் என்று எழுதாத பேப்பர் இல்லை. யூபிஎஸ்சி என்பதில் முதல் எழுத்தே யூனியன்தான். தமிழில் எப்படியோ அது 'மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்' ஆயிற்று, நாமும் அப்படியே பரீட்சை எழுதினோம். ஆங்கிலப் பேப்பர்கள் இன்றைக்கும் ஒரே செய்தியில் யூனியன் பட்ஜெட் என்றும் சென்டர் என்றும் கலந்து எழுதுகின்றன. அங்கே அது தலைப்புக்கு இடம் பற்றாத பிரச்சினை. தமிழில் அந்தச் சாக்கும் கிடையாது: 'மத்திய'வும் நாலெழுத்து, 'ஒன்றிய'வும் நாலெழுத்து.

டெஸ்க்கில் எங்களுக்கு வந்த சிக்கல் கொள்கைச் சிக்கல் அல்ல. தமிழ்நாட்டில் 'ஒன்றியம்' என்றால் கிராமத்து மனிதருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊராட்சி ஒன்றியம். மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உண்டு. வட்டார வளர்ச்சி அலுவலரின் பி.டி.ஓ. ஆபீசைத்தான் பல ஊர்களில் 'யூனியன் ஆபீஸ்' என்பார்கள். வெள்ளச் சேதத்தைப் பார்வையிட டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்தால் 'மத்தியக் குழு வருகை' என்று தலைப்பு வைப்போம். அதை 'ஒன்றியக் குழு வருகை' என்று மாற்றினால்? ஒன்றியக் குழு என்பது ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர்கள் அடங்கிய அமைப்பின் பெயர். அதற்கு ஒரு தலைவர், அவருக்கு ஒரு ஜீப். 'ஒன்றியச் செயலாளர்' என்றாலோ கட்சிக்காரர். உள்துறைச் செயலாளரை அப்படி எழுதிவிட்டு மறுநாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபக்கம், புழல் மத்திய சிறையும் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியும் சென்னை போலீசின் மத்தியக் குற்றப்பிரிவும் டெல்லிக்குச் சொந்தமானவை அல்ல. ஒரு சொல்லை ஒரே பொருளில் ஆணியடித்து வைக்க முடியாது என்பதை அந்த ரீப்ளேஸ் பட்டன் எங்களுக்கு ஒரே இரவில் கற்றுக்கொடுத்தது.

இதெல்லாம் கிடக்கட்டும். ஒரு பேப்பர் தன் குரலில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. தினகரன் 'ஒன்றிய' என்றால் அது தினகரனின் தேர்வு; தினமலர் 'மத்திய' என்றால் தினமலரின் தேர்வு. வாசகர் ஏமாறுவதில்லை, அவருக்குத் தெரியும். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று.

தமிழ்ப் பேப்பர்களுக்கே உரிய ஒரு எழுத்து முறை உண்டு. 'கூட்டத்தில் அவர் பேசியதாவது:' என்று ஒரு வரி. அதன் கீழே ஏழெட்டுப் பத்திக்குப் பேச்சு. கடைசியில் 'இவ்வாறு அவர் பேசினார்.' நடுவில் மேற்கோள் குறியே இருக்காது. ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது என்பது வாசகருக்கும் பேப்பருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போட்டால்கூட அந்தப் பகுதியைத்தான் முதலில் அடிக்கோடிடுவார்கள்.

அந்த ஜூலையில் கோவையிலிருந்து ஒரு பாஜக பொதுக்கூட்டச் செய்தி வந்தது. பேச்சாளர், ஒன்றியம் என்ற சொல்லையே கிண்டல் அடித்திருந்தார். 'எங்கள் மத்திய அரசு வீடு கட்டித் தருகிறது, கழிப்பறை கட்டித் தருகிறது, இவர்களுக்கு அது ஒன்றியமாம்' என்ற தொனி. எங்கள் டெஸ்க் விதிப்படி அது எப்படி ஆகியிருந்தது தெரியுமா? 'எங்கள் ஒன்றிய அரசு வீடு கட்டித் தருகிறது, கழிப்பறை கட்டித் தருகிறது, இவர்களுக்கு அது ஒன்றியமாம்.' அந்த மனிதர் எதைக் கிண்டல் செய்தார் என்பதே காணாமல் போய், ஏதோ உளறியவர் போல ஆகிவிட்டார். நான் எழுந்துபோய் பொறுப்பாசிரியரிடம் காட்டினேன். 'அட, கட் பண்ணிடுங்க சார் அந்த வரிய' என்றார். வெட்டிவிட்டோம். அதுவும் ஒரு தீர்வுதான், என்ன செய்வது.

எதிர் முகாமிலும் இதே வேலைதான், திசை மட்டும் வேறு. முதலமைச்சர் பிரதமருக்கு எழுதும் கடிதத்தைச் செய்தித்துறை தமிழில் அனுப்பும். அதில் வரிக்கு வரி ஒன்றிய அரசு. 'கடிதத்தில் கூறியிருப்பதாவது:' என்று தொடங்கி 'இவ்வாறு கடிதத்தில் கூறியுள்ளார்' என்று முடியும் செய்தியில், நடுவில் இருந்த ஒன்றியம் எல்லாம் மத்தியாகி இருக்கும். சட்டமன்றத்தில் எழுந்து நின்று, இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவோம் என்று சொன்னவரின் வாயில் அவர் வேண்டாம் என்ற சொல்லைத் திணிக்கிறோம் என்ற உறுத்தல் அந்த டெஸ்க்கில் யாருக்காவது இருந்திருக்கும். எனக்கு இருந்த மாதிரியே.

இருபது வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவி 2021இல் யார் யார் ஒன்றிய அரசு என்று சொன்னார்கள் என்று பழைய பேப்பர்களைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேப்பரின்படி பாஜக தலைவர்களே சொல்லியிருப்பார்கள். இன்னொன்றின்படி ஸ்டாலினே சொல்லியிருக்க மாட்டார்.

அதே ஜூலையில் இன்னொரு சொல் வெடித்தது. டெல்லியில் புதிதாக அமைச்சரான எல்.முருகன் பற்றிய தன்விவரக் குறிப்பில் 'கொங்கு நாடு' என்று இருந்தது. கொங்கு நாடு பழைய பெயர். கோவைக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவார்கள். ஆனால் ஒன்றிய அரசு என்றவர்களுக்கு டெல்லியின் பதிலடி இது என்று படிக்கப்பட்டது. தமிழ்நாட்டைப் பிரித்துக் கொங்கு நாட்டைத் தனி யூனியன் பிரதேசமாக்கும் யோசனை என்று தினமலர் செய்தி வெளியிட, ஒரு வாரம் தொலைக்காட்சி விவாதங்களுக்குத் தீனி கிடைத்தது. தமிழ்நாட்டைப் பிரிக்கும் திட்டம் ஏதும் இல்லை என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் பதில் கொடுத்தார். அந்தப் பதில் வந்த செய்திக்கு எங்கள் பேப்பரில் கிடைத்த இடம் ஆறாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தி.

'தமிழகம்' கதை இன்னும் சுவாரசியமானது. ஏனென்றால் இதில் சொல்லை மாட்டிவிட்டவர் எதிர்த்தரப்பு.

2023 ஜனவரி 4. காசித் தமிழ்ச் சங்கமத்துக்கு உழைத்தவர்களைப் பாராட்ட ஆளுநர் மாளிகையில் கூட்டம். தமிழ்நாடு என்பதைவிடத் தமிழகம் என்பதே பொருத்தமான சொல் என்ற பொருளில் ஆளுநர் ஆர்.என்.ரவி பேசினார். மறுநாளே 'தமிழ்நாடு' சமூக ஊடகங்களில் டிரெண்டிங். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 9 அன்று, சட்டமன்றத்தில் அரசு எழுதிக்கொடுத்த உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார், முதலமைச்சர் எழுந்து தீர்மானம் கொண்டுவர, தேசிய கீதத்துக்குக் காத்திராமல் வெளியேறினார். பொங்கல் விழா அழைப்பிதழில் 'தமிழக ஆளுநர்' என்று இருந்தது அடுத்த செய்தி. ஜனவரி 18 அன்று, பெயரை மாற்றச் சொல்லவில்லை, பண்டைய காலத்துத் தொடர்பைப் பற்றிய பேச்சில் அந்தக் காலத்துச் சொல்லைப் பயன்படுத்தினேன் என்று விளக்க அறிக்கை கொடுத்தார்.

தமிழகம் பாவம், அதற்கென்ன தெரியும்? 'வையக வரைப்பில் தமிழகம் கேட்ப' என்று புறநானூற்றில் (168) இருக்கும் சொல். 'இமிழ்கடல் வேலியைத் தமிழ்நாடு ஆக்கிய' என்று சிலப்பதிகாரம் மற்றதற்கும் சாட்சி சொல்கிறது. 1967 ஜூலை 18 அன்று அண்ணாவின் அரசு தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14 அன்று சட்டப்படி வந்த பெயர் தமிழ்நாடு. அதற்காக 1956இல் 76 நாள் பட்டினி கிடந்து சங்கரலிங்கனார் உயிரை விட்டிருக்கிறார். அந்தப் பெயரை யாராவது தொட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அண்ணாவின் தம்பிகள் அத்தனை பேரும் மேடையில் 'தமிழகம்' என்று ஐம்பது வருடமாக முழங்கியிருக்கிறார்கள். நாளிதழ்களிலோ அதுதான் அன்றாடச் சொல். காரணம் மிக அற்பமானது. தமிழகம், தமிழ்நாடு இரண்டுமே ஐந்தெழுத்து. தமிழகத்தில், தமிழ்நாட்டில் இரண்டும் ஏழெழுத்து. ஆனால் அடைமொழியாக வரும்போது 'தமிழக அரசு' என்றால் ஓரெழுத்து மிச்சம். 'ழ்நா' என்ற கூட்டு வேறு பெரிய எழுத்தில் கொஞ்சம் அகலம் பிடிக்கும். ஒரு பத்தித் தலைப்பில் அந்த ஓரெழுத்தால் இரண்டாம் வரி மூன்றாம் வரியாக வழிந்துவிடும். எத்தனையோ வருடமாக நாங்கள் தமிழக என்று போட்டது அந்த மில்லிமீட்டருக்காக.

ஜனவரி 5 முதல் அது ஆளுநரின் சொல் ஆகிவிட்டது. 'தமிழக அரசு' என்று தலைப்பு வைத்த என் சக ஊழியரை, அவர் பரம்பரைத் திமுகக்காரர், மின்னஞ்சலில் ஒரு வாசகர் 'சங்கி' என்று திட்டியிருந்தார். மனிதர் அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் காட்டுவார். அடுத்த வருடம், 2024 பிப்ரவரியில், விஜய் கட்சி தொடங்கினார்: தமிழக வெற்றிக் கழகம். பெயரில் 'க்' இல்லாமல் முதலில் அறிவித்துப் பிறகு சேர்த்தார்கள். வந்த விவாதமெல்லாம் அந்த ஒற்று பற்றித்தான் இருந்தது. 'தமிழக' என்பது ஆளுநரின் சொல்லாயிற்றே என்று பெரிதாகக் கேட்டவர் யாருமில்லை. ஒரு வருடத்தில் சொல் தீட்டுக் கழிந்துவிட்டது.

பெயர்ச்சொற்களில் இவ்வளவு கவனம் போனதில் வினைச்சொற்கள் தப்பித்துக்கொண்டன என்று எனக்கு ஒரு சந்தேகம். நானே கட்டிய ஓர் உதாரணம்: வெள்ள நிவாரணம் கேட்டு முதலமைச்சர் மூன்றாவது முறை கடிதம் எழுதுகிறார். 'வலியுறுத்தல்' என்று போடலாம். 'மீண்டும் கடிதம்' என்று போட்டால் லேசாக நக்கல். 'புலம்பல்' என்றால் முடிந்தது கதை. டெல்லி இன்னும் பணம் தரவில்லை என்பதை 'பரிசீலனை' என்றும் சொல்லலாம், 'இழுத்தடிப்பு' என்றும் சொல்லலாம், 'ஓரவஞ்சனை' என்றும் சொல்லலாம். செய்தியாளர் கூட்டத்தில் ஒருவர் சொன்னதை 'விளக்கம்' என்றோ 'சமாளிப்பு' என்றோ முடிவு செய்வது டெஸ்க்கில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன், இரவு பதினொன்றுக்கு, பசியில். பெயர்களிலும் அப்படித்தான்: கட்சி ஏட்டில் 'எடப்பாடியார்', எதிர்முகாமில் வெறும் 'பழனிசாமி', இடையில் நிற்க விரும்புகிறவர்களுக்கு 'இபிஎஸ்'. இதற்கெல்லாம் எந்தக் கட்சியும் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பியதில்லை.

அந்தப் பேருந்துச் செய்திக்குப் பிறகு எங்கள் டெஸ்க்கில் ஒரு தாள் அச்சடித்துக் கணினிகளுக்கு மேலே ஒட்டினோம். ஒன்று: நம் சொந்தச் செய்தியில் ஒன்றிய அரசு. இரண்டு: 'பேசியதாவது' முதல் 'பேசினார்' வரை, பேசியவர் சொன்ன சொல்லே இருக்கட்டும். மூன்று: சிறை, வங்கி, பேருந்து நிலையம், மாநிலப் பெயர் எதையும் தொடக் கூடாது. இரண்டாவது வரிக்காக நான் பொறுப்பாசிரியரிடம் ஒரு வாரம் மன்றாடினேன். 'பார்த்துக்கலாம்' என்று ஒப்புக்கொண்டார். நடைமுறையில் முதல் பக்கத்தில் மட்டும் அது காப்பாற்றப்பட்டது, உள்பக்கங்களில் அவரவர் கைவரிசை.

மூன்றாவது வரிக்குக் கீழே யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'மத்தியானச் சாப்பாட்டையும்.'